ஜப்பான் ட்ராமில் உங்கள் கடை விளம்பரம்: முதல்முறை போடுபவர்களுக்கு

ஜப்பானில் ட்ராம் ஓடும் ஊரில் இருப்பவர்களுக்கு இது தினமும் கண்ணில் படும் காட்சி. ஒரு வண்டி முழுக்கப் பல் மருத்துவமனையின் நீலத்தில் வரும், அடுத்தது உள்ளூர் மிட்டாய்க் கடையின் சிவப்பில் வரும். இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் வேலை என்று நினைத்து ஒதுங்கிவிட வேண்டாம். ஹகோதாதே, ஹிரோஷிமா, நாகசாகி, கொச்சி, குமமோதோ போன்ற ஊர்களில் உள்ளூர்க் கடைகளும் கிளினிக்குகளும் பள்ளிகளும்கூட இப்படி விளம்பரம் கொடுக்கின்றன.

நாங்கள் மேற்கு ஜப்பானில் ஒரு சிறிய தென்னிந்திய உணவகம் நடத்துகிறோம். ட்ராம் விளம்பரத்துக்காக அலைந்தபோது தகவல் எல்லாம் ஜப்பானிய மொழியில், அதுவும் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. எந்தக் காகிதம் எப்போது வேண்டும், கடைசியில் கையை விட்டுப் போகும் தொகை எவ்வளவு என்று சேர்த்துச் சொல்ல ஆளில்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படத்தைக் கடைசியில் வரையுங்கள். வண்டி எது, விதி என்ன, மொத்தச் செலவு எவ்வளவு என்ற மூன்றும் முடிவாகும் முன் டிசைனருக்குப் பணம் கொடுத்தால் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டிவரும்.

1. உங்களுக்கு வேண்டியது முழு வண்டியா என்று பாருங்கள்

வண்டியின் வெளிப்புற விளம்பரத்தைப் பொதுவாக ‘ஷதாய் கோகொகு’ என்பார்கள். அதில் முழு உடலையும் மூடுவது ‘ஜென்மென் கோகொகு’. ஜன்னலுக்குக் கீழே ஒரு பகுதியில் மட்டும் ஃபிலிம் ஒட்டுவதும், பக்கவாட்டில் ஒரு பலகை மாட்டுவதும் தனி வகைகள். எல்லா ஊரிலும் எல்லா வகையும் கிடைக்காது. சில நிறுவனங்கள் புதிய தாழ்தள வண்டிகளை விளம்பரத்துக்குக் கொடுப்பதில்லை, பழைய ஒற்றைப் பெட்டி வண்டிகளை மட்டும் கொடுக்கின்றன.

கடை ஒரே நிறுத்தத்தின் அருகில் இருக்கிறது, பட்ஜெட்டும் சிறியது என்றால், வெளிப்புறத்தை விட்டுவிட்டு வண்டிக்குள் வரும் அறிவிப்பு விளம்பரத்தைக் கேட்டுப் பாருங்கள். ‘இன்ன கடைக்குச் செல்பவர்கள் இங்கே இறங்கலாம்’ என்று நிறுத்தத்தின் பெயரோடு சேர்ந்து ஒலிக்கும். உள்ளே தொங்கும் தாள் விளம்பரம் இன்னொரு வழி. அதன் வழக்கமான அளவு பி3, அதாவது 364 x 515 மில்லிமீட்டர். இரண்டுமே வெளிப்புற விளம்பரத்தைவிடப் பல மடங்கு மலிவு. புதிதாகத் திறந்த கடைக்கு முதல் ஆண்டில் இவை போதும் என்பது என் கருத்து. ஊர் முழுக்கப் பெயர் தெரிய வேண்டும், இரண்டாவது கிளை திறக்கிறோம் என்ற நிலையில்தான் முழு வண்டி பயன் தரும்.

2. யாரிடம் போய்க் கேட்பது

முதலில் உங்கள் ஊர் ட்ராம் யாருடையது என்று பாருங்கள். டோக்கியோவின் மினோவாபாஷி – வாசெதா இடையே 12.2 கிலோமீட்டர் ஓடும் அரகாவா தடம், குமமோதோ, ககோஷிமா, ஹகோதாதே ஆகியவை அரசு அல்லது நகராட்சி நடத்துபவை. ஹிரோஷிமா, நாகசாகி, ஒகயாமா, மட்சுயாமா, ஒசாகா–சகாய் போன்றவை தனியார் நிறுவனங்களுடையவை.

நகராட்சி நடத்துகிறது என்றால் விளம்பரத் தகுதி விதிகள் எழுத்தில் இருக்கும், பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கும். தனியார் என்றால் பேச்சுவார்த்தைக்குக் கொஞ்சம் இடம் உண்டு. விளம்பர வருமானம் இவர்களுக்குச் சின்ன விஷயம் அல்ல. நாகசாகியில் 1984 முதல் 2009 வரை டிக்கெட் 100 யென்னிலேயே நின்றதற்குக் கைகொடுத்தவற்றில் வண்டி விளம்பரமும் ஒன்று. அதனால் சிறிய கடைக்காரர் என்று தயங்காமல் கேளுங்கள்.

பெரும்பாலான இடங்களில் நேரடியாக ஒப்பந்தம் போட மாட்டார்கள், பதிவு பெற்ற விளம்பர ஏஜென்சி வழியாக வரச் சொல்வார்கள். வெளிப்புற விளம்பரத்தை நிறுவும் தொழிலுக்கு உள்ளூர் அரசிடம் பதிவு இருக்க வேண்டும் என்பது சட்டம். ட்ராம் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவுக்குப் போன் செய்து, உங்கள் வண்டி விளம்பரங்களைக் கையாளும் ஏஜென்சிகள் எவை என்று கேட்டு, குறைந்தது இரண்டு பெயர்களை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு வாசலுக்கு வந்து பேசும் ஏஜென்டிடம் மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரே வண்டிக்கு இரண்டு ஏஜென்சிகள் எங்களுக்குக் கொடுத்த கொட்டேஷன்களில் வாடகை ஒன்றாகவே இருந்தது. ஆனால் ஒட்டும் செலவில் பெரிய வித்தியாசம்.

3. ஊரின் வெளிப்புற விளம்பர விதி

தேசிய அளவில் 1949-ல் வந்த வெளிப்புற விளம்பரச் சட்டம் இருக்கிறது. ஆனால் நிஜமான கட்டுப்பாடு மாகாணமும் பெருநகரங்களும் தனித்தனியாகப் போட்டிருக்கும் விதிகளில்தான். நகரும் வண்டிக்கும் இவை பொருந்தும். எவ்வளவு பரப்பு, எந்த நிறம், ஜன்னலை மூடலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும். ஒசாகாவும் சகாயும் தனித்தனி விதிகள் உள்ள நகரங்கள், இரண்டையும் கடந்து ஒரே ட்ராம் ஓடுகிறது. அப்படிப்பட்ட தடமாக இருந்தால் எந்த நகரத்தின் அனுமதி வேண்டும் என்று ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள். கியோதோ 2007-ல் நகரத்தோற்றக் கொள்கையைக் கடுமையாக்கியது, அங்கே நிறம் பற்றிய கேள்வியிலிருந்தே பேச்சைத் தொடங்குவது நல்லது.

பெரிய நிறுவனங்களுக்கே இதில் சிக்கல் வந்திருக்கிறது. 2011 ஆகஸ்டில் டோக்கியோ பக்கத்துத் தனியார் ரயில் நிறுவனமான ஒதாக்யு ரயில்வே காமிக்ஸ் பாத்திரங்களை வரைந்த ரயில் ஒன்றை ஓடவிட்டது. பயணிகளுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அது விளம்பரம்தான், விதிப்படி அனுமதி பெறவில்லை என்று டோக்கியோ பெருநகர அரசு சுட்டிக்காட்ட, செப்டம்பர் கடைசியோடு அந்த ரயிலை நிறுத்த வேண்டிவந்தது. படம் அழகாக இருக்கிறது, பெயர் சிறியதாகத்தான் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே எடுபடவில்லை.

அனுமதி விண்ணப்பத்தை ட்ராம் நிறுவனமோ ஏஜென்சியோதான் வழக்கமாகப் போடும். ஆனால் யார் போடுகிறார்கள், கட்டணம் யார் தலையில், அனுமதியைப் புதுப்பிப்பது யார் என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

4. வண்டியைத் தேர்ந்தெடுப்பது

பலரும் பார்க்காமல் விடும் இடம் இது. உங்கள் விளம்பரம் ஒரு தடத்துக்குப் போகவில்லை, குறிப்பிட்ட ஒரு வண்டிக்குப் போகிறது. அந்த வண்டி எங்கே ஓடும் என்பது பணிமனையின் அன்றாட ஏற்பாடு. கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

இந்த வண்டி தினமும் ஓடுகிறதா, காலை மாலை நெரிசலுக்கு மட்டும் வெளியே வருகிறதா? எந்தெந்தத் தடங்களுக்குப் போகும்? ஒப்பந்தக் காலத்தில் பெரிய பராமரிப்புச் சோதனை வருகிறதா? வந்தால் அந்த நாட்களுக்குக் காலத்தை நீட்டிப்பார்களா? வண்டியை ஓய்வுபெறச் செய்யும் திட்டம் இருக்கிறதா?

பழைய பெரிய வண்டிகள் வாடகை குறைவாக இருப்பதற்கு நெரிசல் நேரத்தில் மட்டும் ஓடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். மதியம் முழுக்கப் பணிமனையில் நிற்கும் வண்டி, மதியச் சாப்பாட்டுக் கடைக்கு எதற்கு?

பக்கங்களையும் யோசியுங்கள். ஜப்பானில் போக்குவரத்து இடப்பக்கம், ட்ராம் நடுச்சாலையில் ஓடுகிறது. வண்டியின் இடப்பக்கம் நிறுத்தத்தில் காத்திருப்பவருக்கும் கூடவே போகும் கார்களுக்கும் நெருக்கமாகத் தெரியும். வலப்பக்கத்தை எதிர்ச் சாரிக்காரர்களும் எதிர் நடைபாதையில் போகிறவர்களும் பார்க்கிறார்கள். வழி, நிறுத்தத்தின் பெயர் போன்ற சிறிய தகவல் இடப்பக்கத்துக்கு. கடைப் பெயர் மட்டும் பெரிதாக வலப்பக்கத்துக்கு.

5. கொட்டேஷனை வாசிப்பது

ஜப்பானிய மொழியில் ‘மித்சுமோரி’. ஒரே வரியில் மொத்தத் தொகை எழுதிய மித்சுமோரியை ஏற்காதீர்கள். பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: மாத வாடகை, டிசைன், அச்சும் ஒட்டும் கூலியும், அனுமதிக் கட்டணம், கடைசியில் ஃபிலிமை உரித்து வண்டியைப் பழையபடி ஆக்கும் செலவு, 10 சதவீத நுகர்வு வரி.

உரிக்கும் செலவை ‘தெக்கியோஹி’ என்பார்கள். இதைத்தான் முதல் கொட்டேஷனில் விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு வந்த ஒன்றிலும் அது இல்லை. கேட்ட பிறகே ‘அது தனி’ என்றார்கள். ஒப்பந்தம் முடியும் மாதத்தில் இந்தத் தொகை வந்து நின்றால் சிறு கடைக்குப் பெரிய அடி.

முழு வண்டி, ஓராண்டு என்றால் மொத்தம் ஏழு இலக்க யென் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று காட்ட மட்டும் கற்பனைத் தொகைகளை வைக்கிறேன். மாத வாடகை 1,00,000 யென், டிசைன் 1,50,000, அச்சு ஒட்டல் 7,00,000, உரித்தல் 2,00,000 என்று வைத்துக்கொள்வோம். 12 மாதத்துக்கு வரியோடு 24,75,000 யென், அதாவது மாதம் 2,06,250. அதையே 6 மாதத்துக்குப் போட்டால் 18,15,000, மாதத்துக்கு 3,02,500. காலம் பாதியானாலும் செலவு பாதியாவதில்லை, காரணம் ஃபிலிமும் கூலியும் அப்படியே நிற்கின்றன. ‘முதலில் மூன்று மாதம் போட்டுப் பார்க்கலாம்’ என்ற யோசனை முழு வண்டி விளம்பரத்துக்குப் பொருந்தாது. சோதித்துப் பார்க்க விரும்பினால் உள் அறிவிப்போ பகுதி ஒட்டலோ எடுங்கள்.

பில்லில் தகுதி பெற்ற இன்வாய்ஸ் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். T என்ற எழுத்தும் 13 இலக்கமும். 2023 அக்டோபர் முதல் நுகர்வு வரியைக் கழித்துக்கொள்ள இது முக்கியம். ஓராண்டு வாடகையை மொத்தமாக முன்கூட்டிக் கட்டச் சொன்னால், கட்டும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

6. ஆவணங்கள்

கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் பதிவுச் சான்று, அதாவது ‘ரிரெகி ஜிகோ ஜென்பு ஷோமெய்ஷோ’ வைத்திருங்கள். சட்ட அலுவலகக் கவுன்டரில் 600 யென். மூன்று மாதத்துக்குள் எடுத்ததாகக் கேட்பது வழக்கம் என்பதால் மிக முன்னதாக வாங்கி வைக்காதீர்கள். தனிநபர் தொழில் என்றால் வரி அலுவலகத்தில் கொடுத்த தொழில் தொடக்க அறிவிப்பின் நகல். உணவகம் என்றால் சுகாதார நிலையம் கொடுத்த உணவக அனுமதியின் நகலும் சேருங்கள்.

இவற்றோடு கடையைப் பற்றிய ஒரு பக்க அறிமுகம், உங்கள் இணையதள முகவரி, ரவுடிக் கும்பல்களோடு தொடர்பில்லை என்ற உறுதிமொழி ஆகியவை கேட்கப்படும். கடைசியாகச் சொன்னதைப் பார்த்து மனம் புண்பட வேண்டாம். ஜப்பானில் வீடு வாடகைக்கு எடுப்பதிலிருந்து வங்கிக் கணக்கு வரை அந்த வாசகம் எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். நகராட்சி ட்ராம் என்றால் உள்ளூர் வரி பாக்கி இல்லை என்ற சான்றும் தேவைப்படலாம். பதிவில் ஒரு பெயர், பலகையில் ஒரு பெயர், முத்திரையில் இன்னொன்று என்று இருந்தால் முதலில் அதைச் சரி செய்துகொள்ளுங்கள். நம் பெயர்களைக் கதகானாவில் (வெளிநாட்டுச் சொற்களுக்கான ஜப்பானிய எழுத்து) ஆளுக்கொரு விதமாக எழுதிவிடுகிறார்கள். ஒரு நெடிலும் குறிலும் மாறினால்கூட விளக்கம் கேட்டுக் காகிதம் திரும்பி வரும்.

7. மானியம் இருக்கிறது, ஆனால் வரிசை முக்கியம்

5 பேர் வரை நிரந்தரப் பணியாளர் உள்ள கடை அல்லது உணவகத்துக்குச் சிறுதொழில் நீடிப்பு மானியம் (‘ஜிசொகுகா ஹோஜோகின்’) உண்டு. சாதாரண வகையில் செலவில் மூன்றில் இரண்டு பங்கு, அதிகபட்சம் 5,00,000 யென். புதிய வாடிக்கையாளரைப் பிடிக்கும் விளம்பரச் செலவு இதில் சேரும். வெறுமனே நிறுவனத்தின் பெயரைப் பரப்பும் விளம்பரம் சேராது. அதனால் எந்தச் சேவையை அல்லது உணவை விற்கிறீர்கள் என்பது விளம்பரத்தில் தெரிய வேண்டும்.

மானியம் ஒப்புதலான கடிதம் வரும் முன் ஆர்டர் கொடுத்தாலோ பணம் கட்டினாலோ அந்தச் செலவு கணக்கில் வராது. விளம்பரம் ஓடும் காலமும் திட்டக் காலத்துக்குள் இருக்க வேண்டும், ஓராண்டு ஒப்பந்தத்தில் வெளியே போகும் மாதங்களுக்குப் பணம் கிடைக்காது. 10,00,000 யென்னுக்கு மேல் போகும் ஆர்டருக்கு இரண்டு இடத்துக் கொட்டேஷன் கேட்பார்கள். பணம் கடைசியில்தான் வரும், முதலில் முழுதும் நீங்களே கட்டியாக வேண்டும். விண்ணப்பத்துக்கு ஜி-பிஸ் ஐடியும் (அரசின் இணையச் சேவைகளுக்கான தொழில் கணக்கு) வர்த்தகச் சங்கத்தின் (‘ஷோகோ கைகிஷோ’) சான்றுத் தாளும் தேவை. அந்தத் தாளுக்கான கடைசித் தேதி விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன்பே வந்துவிடும். சங்கத்து ஆட்கள் பொறுமையாக உட்கார்ந்து திட்டத்தை எழுத உதவுகிறார்கள், வெட்கப்படாமல் போங்கள்.

8. இப்போது படம்

வண்டி முடிவான பிறகு, அதன் விரிவுப் படத்தை (‘தென்கைஸு’) ஏஜென்சியிடம் வாங்குங்கள். நான்கு பக்கமும், கதவு, ஜன்னல், விளக்கு, காற்றுத் துளை எல்லாம் அளவோடு இருக்கும். ஒரே ஊரிலேயே வண்டிக்கு வண்டி இது மாறும்.

வண்டி எண், தடப்பலகை, ஏறும் வழி இறங்கும் வழி, விளக்குகள் ஆகியவற்றை மூட முடியாது. ஒளிரும் நிறம், பிரதிபலிக்கும் ஃபிலிம் ஆகியவை ஓட்டுநர்களின் கண்ணைக் கூசும் என்பதால் அனுமதி இல்லை. கதவைக் கவனியுங்கள்: கடைப் பெயரின் நடு எழுத்து கதவில் விழுந்தால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறக்கும்போது அந்த எழுத்து காணாமல் போகும். ஆட்கள் நின்று பார்ப்பது அந்த நேரத்தில்தான். பெயர் முழுதும் இரண்டு கதவுகளுக்கு இடையே இருக்கட்டும்.

தமிழ் எழுத்து போட ஆசைப்படுங்கள், தெருவில் தனியாகத் தெரியும், நம் ஊர்க்காரர்கள் எங்கிருந்தாலும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அச்சகத்தில் தமிழ் உடையும். ‘தோசை’ என்பதில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து, நடுவில் புள்ளி வட்டத்தோடு வந்து நிற்கும். ஜப்பானிய டிசைனருக்கு அது பிழை என்றே தெரியாது. எழுத்தை வடிவக் கோடாக மாற்றிய கோப்பை நீங்களே கொடுங்கள். அச்சுக்கு முந்தைய மாதிரித் தாளை வாங்கி எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பொருளை ஜப்பானிய மொழியில் எழுதி இணைத்துவிட்டால் பரிசீலனையில் கேள்வி வராது.

வெளியே போன் எண்ணும் கியூஆர் குறியும் வேண்டாம், ஓடும் வண்டியில் யாரும் பிடிக்க முடியாது. கடைப் பெயர், என்ன கடை, எந்த நிறுத்தம், எத்தனை நிமிட நடை. நிமிடக் கணக்குக்கு ஜப்பானில் 80 மீட்டர் ஒரு நிமிடம் என்ற வழக்கத்தைப் பின்பற்றுங்கள்.

9. வாசகத்தில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

‘ஜப்பானில் நம்பர் ஒன்’, ‘ஊரிலேயே சிறந்த’ என்றால் ஆதாரம் கேட்பார்கள், வாங்குபவரைத் தவறாக நம்பவைக்கும் விளம்பரத்தைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. மஞ்சள் கல்லீரலைக் காக்கும், இஞ்சி சளியைப் போக்கும் என்று உணவு விளம்பரத்தில் எழுதினால் மருந்துச் சட்டம் குறுக்கே வரும். நமக்கு அது பாட்டி சொன்ன சாதாரண விஷயம், அங்கே மருந்துக்குரிய உரிமைகோரல். சுவையைப் பற்றி எழுதுங்கள், நோயைப் பற்றி வேண்டாம்.

மதம், அரசியல் சார்ந்த விளம்பரத்தை நகராட்சி விதிகள் பொதுவாக ஏற்பதில்லை. லோகோவில் பிள்ளையாரோ லட்சுமியோ இருந்தால் முதல் சந்திப்பிலேயே காட்டி, இது கடையின் அடையாளம்தானா, மத விளம்பரமாகக் கொள்வார்களா என்று கேட்டுவிடுங்கள். கோலம், வாழை இலை, பித்தளை டம்ளர் போன்றவற்றுக்கு இந்தக் கேள்வியே எழாது.

10. கால அட்டவணை

ஓடத் தொடங்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மூன்று மாதம் குறைந்தபட்சம், மானியம் வேண்டும் என்றால் அதற்கு மேல் பல மாதம். பரிசீலனைக்கு ஒரு முறை போய்த் திருத்தத்தோடு திரும்பி வருவது வழக்கம் என்றே வைத்துக்கொண்டு நாள் ஒதுக்குங்கள். பொன்வாரம் (ஏப்ரல் கடைசி, மே தொடக்க விடுமுறைகள்), ஒபோன் (ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் நாட்கள்), ஆண்டு முடிவு ஆகிய நாட்களில் எல்லோரும் விடுமுறையில் இருப்பார்கள். மார்ச் கடைசியில் நிதியாண்டு முடிவதால் அலுவலகங்களில் ஆள் மாற்றம் நடக்கும், உங்கள் கோப்பைப் பார்த்தவர் ஏப்ரலில் வேறு பிரிவில் இருப்பார்.

ஒட்டும் வேலை பணிமனையில், வண்டி ஓடாத நேரத்தில் நடக்கும். அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்கள். முதலில் உடலைத் துடைத்துத் தூசி எடுக்கிறார்கள். பிறகு ஃபிலிமை மேலிருந்து இழுத்துப் பிடித்து, கட்டையால் நீவி, வளைவிலும் ஆணித் தலையிலும் சூட்டுக் காற்று காட்டி அழுத்துகிறார்கள். கடைசியில் கதவு ரப்பரை ஒட்டிக் கத்தியால் அறுக்கிறார்கள். குளிரில் பசை சரியாகப் பிடிக்காது, அதனால் வடக்கே ஹொக்கைதோ போன்ற இடங்களில் நடுக்குளிர்காலத்தில் தொடங்குவதைத் தவிர்ப்பது நல்லது. வண்டி வெளியே வரும் முன் எழுத்துப் பிழை, காற்றுக் குமிழ், நிறம் ஆகியவற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.

11. ஓடத் தொடங்கிய பிறகு

கீறலோ மோதலோ ஏற்பட்டால் மறுபடி ஒட்டும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். அச்சின்போதே கதவோரத் துண்டுகளைக் கூடுதலாக ஒரு செட் அடித்து வைத்தால் பின்னால் மலிவு. உங்கள் ட்ராமின் படத்தை மெனு அட்டையிலோ துண்டறிக்கையிலோ போட ட்ராம் நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். விளம்பரத்துக்குப் பணம் கட்டியதாலேயே அந்த உரிமை வந்துவிடாது, ஒப்பந்தத்தின்போதே சேர்த்துக் கேளுங்கள். வாடிக்கையாளர்களிடம் எங்கள் கடை எப்படித் தெரியும் என்று முதல் வாரத்திலிருந்தே கேட்டுக் குறித்து வையுங்கள், நீட்டிப்பதா என்று முடிவெடுக்க அந்த நோட்டுதான் உதவும்.

நீட்டிப்புக்கு இப்போது ஓடும் விளம்பரதாரருக்கு முன்னுரிமை கிடைப்பது வழக்கம், ஆனால் முடிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் தானாக நீளும் ஒப்பந்தமும் உண்டு, தானாக முடியும் ஒப்பந்தமும் உண்டு. உங்களுடையது எது என்று பார்த்து, அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நீட்டித்தால் அதே ஃபிலிமை வைத்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும், மற்றபடி நன்றாக இருந்தால் இரண்டாம் ஆண்டுக்குப் பெரும்பாலும் வாடகைதான் செலவு.